525 மடங்கு என்று எழுதிய குழாயில் வியாழன் ஏன் மங்கலாகத் தெரிகிறது?

மலையடிவாரம்
சனி, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். திருப்பத்தூரிலிருந்து எழுதுகிறேன். மகள் ஏழாம் வகுப்பு. அவள் பிறந்தநாளுக்கு ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தோம். முன்னால் 60 மி.மீ. லென்ஸ், குவிய தூரம் 700 மி.மீ. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "525 மடங்கு" என்று போட்டிருக்கிறது. உள்ளே 20, 12.5, 4 மி.மீ. என்று மூன்று கண்ணருகு லென்ஸ்கள், அப்புறம் மடங்கைக் கூட்டும் 3 மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்று.

முதல் நாள் நிலாவைப் பார்த்தோம். வீட்டில் எல்லோரும் மாடிக்கு வந்துவிட்டார்கள், அவ்வளவு அழகு. மறுநாள் வியாழன். கோள் என்றால் நிறைய மடங்கு வேண்டும் என்று நினைத்து 4 மி.மீ.யையும் பார்லோவையும் சேர்த்துப் போட்டோம். தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல ஆடும் ஒரு வெளிறிய திட்டுதான் தெரிந்தது. அதுவும் பதினைந்து இருபது நொடியில் ஓரத்துக்கு நகர்ந்து மறைந்துவிட்டது. மகள் முகம் வாடிப்போனது. வாங்கிய கடையில் கேட்டால் "ஃபோகஸ் சரியா வைங்க" என்கிறார்கள்.

போன மாதம் காவலூர் வானாய்வகத்துக்குப் போயிருந்தோம். அங்கே அவ்வளவு பெரிய தொலைநோக்கியில் முன்னால் லென்ஸே இல்லை, வெறும் சட்டம்தான். அடியில் கண்ணாடி. "நம்மகிட்ட லென்ஸ், அவங்ககிட்ட கண்ணாடி, ஏம்மா?" என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஊட்டியில் இருப்பதில் இரண்டுமே இல்லை, வெறும் கம்பிதான் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் விளக்கினால் அவளுக்கு அப்படியே படித்துக் காட்டுவேன்.

ஒளியியல் வாத்தியார்
சனி, இரவு 10:58

வணக்கம் அம்மா. உங்கள் குழாயில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. பெட்டியில் எழுதியதில்தான் வில்லங்கம்.

அந்த எண் வந்த வழி இது. 700ஐ 4ஆல் வகுத்தால் 175. அதைப் பார்லோ 3 மடங்காக்குகிறது, 525. கணக்கு சரிதான். இதே கணக்கில் 1 மி.மீ. லென்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்து 2,100 மடங்கு என்றும் அச்சடிக்கலாம். குழாயால் எவ்வளவு தாங்க முடியும் என்பது இந்தக் கணக்கில் வராது.

பாப்பாவுக்கு ஒரு சோதனை. கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டுக் குழாயை நிலாவுக்கு நேராகத் திருப்பி, பின்பக்கம் எண்ணெய்த்தாள் ஒன்றைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லுங்கள். ஓரிடத்தில் 6 மி.மீ. அகலத்தில் குட்டி நிலா ஒன்று தாளில் தெளிவாக விழும். முன்னால் இருக்கும் பொருளருகு லென்ஸின் வேலை அவ்வளவுதான்: ஒளியைச் சேர்த்து ஒரு சின்னப் பிம்பத்தை அமைத்துத் தருவது. கண்ணருகு லென்ஸ், அந்தப் பிம்பத்தை நெருங்கிப் பார்க்க உதவும் பூதக்கண்ணாடி. கெப்ளர் 1611இல் எழுதிய அமைப்பு இது. கலீலியோவின் குழாயில் கண் பக்கம் குழிலென்ஸ் இருந்தது. பிம்பம் நேராகத் தெரியும், ஆனால் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும்.

இப்போது மங்கலுக்கு வருகிறேன். ஒரு கரண்டி மாவை எடுத்துக் கல்லில் தேய்க்கிறீர்கள். தோசையைப் பெரிதாக்கலாம், ஆனால் மாவு அதே ஒரு கரண்டிதான். தேய்க்கத் தேய்க்க மெலிந்து, கடைசியில் கல் தெரியும். உங்கள் 60 மி.மீ. வாய்க்குள் வரும் ஒளிதான் அந்த ஒரு கரண்டி. 35 மடங்கில் பரப்பிய ஒளியையே 525 மடங்கில் பரப்பினால், அகலம் 15 மடங்கு, பரப்பு 225 மடங்கு. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் 225இல் ஒரு பங்குதான்.

ஒளி குறைவதோடு போகவில்லை. ஒளி அலை என்பதால், எந்த வாய் வழியாக நுழைந்தாலும் கொஞ்சம் பரவும். வாய் சின்னதானால் பரவல் அதிகம். 60 மி.மீ. குழாயில் ஏறத்தாழ 2 விகலைக்குக் கீழே உள்ள நுணுக்கம் எதுவும் பிரியாது. ஒரு பாகையில் 3,600 விகலை. வியாழனின் அகலம் வானத்தில் சுமார் 40 விகலை. அப்படியானால் அந்தக் கோளின் குறுக்கே இருபது படி நுணுக்கம்தான் உங்கள் குழாய்க்குக் கிடைக்கும். 525 மடங்கு வைத்தாலும் அதே இருபதுதான், ஒவ்வொன்றும் பெரிய மங்கல் திட்டாக ஆகும். வாயின் மில்லிமீட்டரை இரண்டால் பெருக்கினால் வருவது பயன்படும் உச்ச மடங்கு. உங்களுக்கு அது 120. நம் ஊர்க் காற்று கலங்கலான இரவுகளில் அதுவும் அதிகம்.

1610 ஜனவரியில் கலீலியோ வியாழனின் நிலவுகளைக் கண்டது சுமார் 20 மடங்கில். 20 மி.மீ. லென்ஸைப் போடுங்கள், 35 மடங்கு கிடைக்கும். பார்லோவைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

மாடிவானம்
சனி, இரவு 11:20

அக்கா, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இப்படிப்பட்ட பெட்டிகளில் சில நேரம் கண்ணருகு லென்ஸில் திருகுவதற்குக் கறுப்பாக ஒரு "சூரிய ஃபில்டர்" இருக்கும். இருந்தால் இன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். 60 மி.மீ. லென்ஸ் சேர்த்த வெயில் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் குவியும். சூட்டில் அது வெடித்தால், கண்ணை எடுக்கும் முன்னால் பார்வை போய்விடும். சூரிய ஃபில்டர் என்றால் குழாயின் முன்வாய் முழுவதையும் மூடுவதாக இருக்க வேண்டும். வேறு வழியே கிடையாது. குழந்தை பகலில் தனியாகக் குழாயை எடுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையடிவாரம்
ஞாயிறு, காலை 6:45

மாடிவானம் தம்பி, அப்படி ஒன்று இருந்தது. உடைத்துவிட்டேன். மிக்க நன்றி. வாத்தியார் ஐயா, தோசைக் கணக்கு அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. காவலூர்க் கேள்விதான் பாக்கி.

கண்ணாடி தேய்ப்பவன்
ஞாயிறு, காலை 9:30

அதற்கு நான் எழுதுகிறேன். லேத் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். இதுவரை ஐந்து தொலைநோக்கிக் கண்ணாடிகள் கையால் தேய்த்திருக்கிறேன்.

லென்ஸுக்குப் பிறவியிலேயே ஒரு குணம் உண்டு. நீலத்தை அதிகமாக வளைக்கும், சிவப்பைக் குறைவாக வளைக்கும். அதனால் எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவிவதில்லை. பளிச்சென்ற பொருளைச் சுற்றி ஊதா நிறத்தில் ஓரம் கட்டும். லென்ஸின் வளைவைக் குறைத்துக் குவிய தூரத்தை நீட்டினால் இது தணியும் என்று 1600களில் குழாயை நீட்டிக்கொண்டே போனார்கள். டான்சிக் நகரத்து ஹெவேலியஸ் 150 அடி நீளத்தில் ஒன்றைக் கம்பத்தில் தொங்கவிட்டார். காற்றடித்தால் பார்க்க முடியாது.

கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி எந்த நிறமானாலும் ஒரே கோணத்தில்தான் திரும்பும். நியூட்டன் 1668இல் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில் குழியாடி செய்து பார்த்தது இதற்காகத்தான். குழியாடி ஒளியை வந்த வழியே மேலே குவிக்கும். அங்கே தலையை நீட்டினால் ஒளியை மறைத்துவிடுவோம் அல்லவா? அதற்காகக் குறுக்கே ஒரு சின்னத் தட்டைக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஒளியைக் குழாயின் பக்கவாட்டில் வெளியே எடுத்தார். இன்றைக்கும் நியூட்டன் வகைக் குழாயில் பக்கத்தில் நின்றுதான் பார்க்கிறோம்.

காவலூரில் கண்ணாடி வைத்ததற்கு நிறத்தைவிட எடைதான் பெரிய காரணம். லென்ஸ் வழியாக ஒளி போக வேண்டும், அதனால் ஓரத்தில் மட்டும்தான் பிடிக்க முடியும். பெரிதாக ஆக, தன் எடையில் தானே தொய்யும். உள்ளே ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. கண்ணாடிக்கு மேல்பரப்பு ஒன்று சரியாக இருந்தால் போதும், முதுகு முழுவதும் தாங்கு கொடுக்கலாம். அமெரிக்காவில் யெர்க்ஸ் ஆய்வகத்தில் 1897இல் வைத்த 1.02 மீட்டர் லென்ஸ்தான் வானாய்வுக்குப் பயன்பட்டதில் மிகப் பெரியது. கண்ணாடியோ 1917இலேயே இரண்டரை மீட்டரைத் தொட்டுவிட்டது. காவலூரில் இருப்பது 2.34 மீட்டர், 1986இல் திறந்தது. அதற்காக உழைத்த வானியலாளர் வைணு பாப்பு அதைப் பார்க்காமலே 1982இல் இறந்துபோனார். அந்தக் கண்ணாடியைப் பெங்களூரில் நம்மவர்கள்தான் தேய்த்து மெருகேற்றினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். பாப்பாவின் குழாயோடு ஒப்பிட்டால் அது 1,500 மடங்கு ஒளி சேர்க்கும்.

தேய்ப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே அளவில் இரண்டு கண்ணாடி வட்டுகள். நடுவே கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு, மேல் வட்டை முன்னும் பின்னும் தள்ளித் தேய்க்க வேண்டும். மேலே இருப்பது தானாகவே குழியும், கீழே இருப்பது குவியும். ஆறு அங்குல வட்டில், 1,200 மி.மீ. குவிய தூரத்துக்கு, நடுக்குழியின் ஆழம் வெறும் 1.2 மி.மீ. முதலில் வருவது பந்தின் வளைவு. பந்து வளைவு ஓரத்து ஒளியை ஓரிடத்திலும் நடு ஒளியை வேறிடத்திலும் குவிக்கும். எல்லாம் ஒரே புள்ளிக்கு வர அது பரவளையமாக வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு, 0.3 மைக்ரான். பட்டறையில் எந்த அளவுகோலும் அதைத் தொடாது. ஆனால் ஃபூக்கோ 1858இல் சொன்ன முறையில், சின்ன விளக்கு ஒன்றையும் சவர பிளேடு ஒன்றையும் வைத்து அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். சோதனையில் வைத்திருக்கும்போது கண்ணாடியின் மேல் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால், விரல் சூட்டில் அந்த இடம் மேடாகி, மேடு மெல்ல அடங்குவதைப் பார்க்கலாம். முதல்முறை பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் இரண்டாவது கண்ணாடி வீணானது. சோதனைப் பலகை ஆடியதைக் கவனிக்காமல் இரண்டு வாரம் தவறான வளைவையே தேய்த்திருக்கிறேன். ஹப்பிள் தொலைநோக்கிக்கும் இப்படித்தான் நடந்தது. சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி இருந்ததால், 2.4 மீட்டர் கண்ணாடியின் ஓரம் 2.2 மைக்ரான் தட்டையாகப் போய்விட்டது. 1990இல் மேலே அனுப்பி, 1993இல் ஆள் போய்த்தான் சரிசெய்தார்கள். எதையும் இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும் என்று அதிலிருந்து வைத்திருக்கிறேன்.

மாடிவானம்
ஞாயிறு, பகல் 12:05

தேய்ப்பவன் ஐயா எழுதியதைப் படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனாலும் லென்ஸுக்காக நான் பேசியாக வேண்டும். நிறங்கள் வெவ்வேறு இடத்தில் குவியும் இந்த நிறப்பிறழ்ச்சியை ஒழிக்கவே முடியாது என்று நியூட்டன் நினைத்தது தவறு. இரண்டு வகைக் கண்ணாடிப் பொருளில், ஒன்று குவிலென்ஸ் ஒன்று குழிலென்ஸ் என்று சேர்த்தால், ஒன்றின் பிழையை மற்றது பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். லண்டனில் டாலண்ட் 1758இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அக்காவின் 60 மி.மீ. குழாயிலும் முன்னால் இருப்பது இந்த ஜோடி லென்ஸாகத்தான் இருக்கும்.

நான் இருப்பது சென்னையில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர். குழியாடியின் அலுமினியப் பூச்சு உப்புக்காற்றில் சில வருடங்களிலேயே மங்கிவிட்டது. லென்ஸ் குழாய் மூடியே இருக்கும். கண்ணாடிகளை நேர்படுத்தும் வேலை கிடையாது, நடுவில் ஒளியை மறைக்கச் சின்னக் கண்ணாடியும் கிடையாது. நிலாவின் பள்ளங்களில் நிழலும் வெளிச்சமும் பிரியும் கூர்மைக்கு, அதே அளவு வாயுள்ள கண்ணாடிக் குழாய் ஈடாகாது என்பது என் அனுபவம்.

லென்ஸின் காலம் முடிந்துவிடவும் இல்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 11 மீட்டர் கோபுரத்தின் மேலிருந்து கண்ணாடிகள் வெயிலைக் கீழே இறக்கி, 60 மீட்டர் சுரங்கத்துக்குள் திருப்பிவிடும். உள்ளே பிம்பத்தை அமைப்பது 38 செ.மீ. லென்ஸ்தான். குவிய தூரம் 36 மீட்டர். அதனால் சூரியன் 34 செ.மீ. அகலத்தில், தாம்பாளம் அளவுக்கு விழுகிறது. உங்கள் குழாயில் நிலா 6 மி.மீ. அகலத்தில் விழுவதற்கும் இதற்கும் கணக்கு ஒன்றுதான். குவிய தூரத்தைச் சுமார் 110ஆல் வகுத்தால் போதும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, இரண்டும் கலந்தது. அடியில் குழியாடி, நடுவில் ஓட்டை. மேலே குவிந்த சின்னக் கண்ணாடி ஒளியைத் திரும்பக் கீழே அனுப்ப, அது ஓட்டை வழியாகப் பின்னால் வரும். இது 1672இல் வெளியான கசெக்ரேன் அமைப்பு. ஒளி மடங்கி மடங்கிப் போவதால் ஒன்றரை மீட்டர் குவிய தூரம் ஒரு முழக் குழாய்க்குள் அடங்கிவிடும். இதில் பந்து வளைவுக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, அதன் பிழையை முன்வாயில் ஒரு மெல்லிய லென்ஸ் வைத்துச் சரிசெய்தால் அதுதான் மக்சுதோவ், ஷ்மிட்-கசெக்ரேன் எல்லாம். என் மாடியில் இருப்பது 127 மி.மீ. மக்சுதோவ். ஒரே குறை, வெளியே வைத்தால் உள்ளே இருக்கும் சூடான காற்று அடங்க முக்கால் மணி நேரம் ஆகும்.

கண்ணாடி தேய்ப்பவன்
ஞாயிறு, மதியம் 2:40

மாடிவானம் எழுதியது: "அதே அளவு வாயுள்ள கண்ணாடிக் குழாய் ஈடாகாது"

அதே அளவு என்றால் ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஆனால் 100 மி.மீ. நல்ல லென்ஸ் குழாய் வாங்கும் பணத்தில் 200 மி.மீ. குழியாடி கிடைக்கும். நான்கு மடங்கு ஒளி, இரண்டு மடங்கு நுணுக்கம். சான் பிரான்சிஸ்கோவில் ஜான் டாப்சன் ஒட்டுப்பலகைப் பெட்டியில் பெரிய கண்ணாடியை வைத்து, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் பெயரில்தான் இன்று டாப்சோனியன் என்கிறோம். சாதாரண ஜனங்களின் கண்ணுக்கு வானத்தைக் கொண்டுவந்தது அந்தப் பெட்டிதான்.

அலைவாங்கி
ஞாயிறு, மாலை 5:15

ஊட்டிக் கேள்விக்கு யாரும் வராததால் நான் வருகிறேன். அதுவும் கண்ணாடிதான்! முத்தோரையில் இருப்பது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஒரு குழியாடி. 1970இல் ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டினார்கள். 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். இடையில் காற்றும் மழையும் புகுந்து போகும். ஆனால் அது வாங்கும் ரேடியோ அலையின் நீளம் 92 செ.மீ. அவ்வளவு நீளமான அலைக்குக் கம்பிகளின் இடைவெளி தெரியவே தெரியாது, வழுவழுப்பான தகடாகத்தான் தெரியும்.

தேய்ப்பவன் ஐயா 0.3 மைக்ரானுக்குப் பாடுபடுவதும், நாங்கள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பிசகை விட்டுவிடுவதும் ஒரே விதிதான். பரப்பின் பிழை அலைநீளத்தில் ஒரு சின்னப் பங்குக்குள் இருக்க வேண்டும், அவ்வளவே.

அது இருக்கும் இடமும் அழகு. ஊட்டியின் அட்சரேகை ஏறக்குறைய 11 பாகை. வடக்கு தெற்காக அதே 11 பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேல் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக இருக்கிறது. அந்த ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், ஒரு விண்மீன் கூட்டத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் தொடரலாம். வடக்கு தெற்காகப் பார்வையைத் திருப்ப இரும்பை அசைப்பதே இல்லை. குவியக் கோட்டில் 1,056 சின்ன ஆண்டெனாக்கள் இருக்கின்றன. அவை வாங்கும் சைகைகளை ஒன்றுக்கொன்று கொஞ்சம் தாமதித்துக் கூட்டினால் பார்வை தானே திரும்பும்.

இப்போது பாப்பாவுக்கு ஒரு கணக்கு. வாத்தியார் சொன்ன பரவல், அலைநீளத்தை வாயின் அளவால் வகுத்தால் வருவது. 92 செ.மீ.யை 530 மீட்டரால் வகுத்தால் சுமார் 6 கலை வரும் (ஒரு கலை என்பது 60 விகலை). நம் வெறுங்கண்ணே 1 கலையைப் பிரிக்கும். அரை கிலோமீட்டர் நீளத் தொலைநோக்கியின் பார்வை நம் கண்ணைவிட மங்கல்! இதற்கு ஸ்வரூப் கண்ட வழி நிலா. நிலா நகர்ந்து ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் நொடியில் சைகை எப்படி விழுகிறது என்று பதிவு செய்தால், நிலாவின் விளிம்பே கத்திபோல மூலத்தை அறுத்துக் காட்டிவிடும். விகலைக் கணக்கில் நுணுக்கம் கிடைத்தது. பிறகு புனே அருகே 45 மீட்டர் கிண்ணங்கள் முப்பதை 25 கிலோமீட்டர் வரை பரப்பி வைத்தார்கள். அவற்றின் சைகைகளை ஒன்றோடொன்று பெருக்கிச் சேர்த்தால், நுணுக்கத்தைப் பொறுத்தவரை 25 கிலோமீட்டர் வாயுள்ள ஒரே தொலைநோக்கி மாதிரி.

நெல்லை நிலா
ஞாயிறு, இரவு 8:02

அருமையான இழை. ஒரு சந்தேகம். அலை நீளமானால் கம்பியே போதும் என்றால், எக்ஸ்-கதிர் மாதிரிக் குட்டி அலைக்கு என்ன செய்வார்கள்? மருத்துவமனையில் அது உடம்பையே துளைத்துப் போகிறதே?

ஒளியியல் வாத்தியார்
ஞாயிறு, இரவு 8:50

நல்ல கேள்வி. நேராகப் போய்க் கண்ணாடியில் மோதினால் எக்ஸ்-கதிர் உள்ளேயே புகுந்துவிடும், திரும்பாது. ஆனால் ஓட்டாஞ்சில்லை ஏரியில் சாய்த்து வீசினால் தத்தித் தத்திப் போகிறதே, அதுபோலப் பரப்பை உரசுகிற மாதிரி மிகச் சாய்வாகப் பட்டால் திரும்பும். அதனால் அந்தக் கண்ணாடிகள் கிண்ணம்போல இருக்காது. இரண்டு பக்கமும் திறந்த பீப்பாய்போல இருக்கும், ஒன்றுக்குள் ஒன்றாக. சந்திரா தொலைநோக்கியில் இப்படி நான்கு ஜோடி. 1999இல் விண்வெளிக்குப் போனது. நம் காற்றுமண்டலம் எக்ஸ்-கதிரைத் தரைக்கு விடாது என்பதால் மேலேதான் வைக்க வேண்டும். பெயர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகருடையது.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதற்கு எதிர்ப்பக்கம், அகச்சிவப்பு. 6.5 மீட்டர் கண்ணாடியை 18 அறுகோணத் துண்டுகளாக மடித்து 2021இல் அனுப்பினார்கள். அகச்சிவப்பை நன்றாகத் திருப்பும் என்பதால் தங்கப் பூச்சு.

மலையடிவாரம்
செவ்வாய், இரவு 9:35

எல்லோருக்கும் நன்றி சொல்ல வார்த்தையில்லை. நேற்று 20 மி.மீ. லென்ஸை மட்டும் போட்டோம். முக்காலி ஆடுகிறது என்று அவளே ஒரு துணிப்பையில் ஜல்லியைப் போட்டு நடுவில் கட்டித் தொங்கவிட்டாள். வியாழன் சின்னதாக, ஆனால் ஓரம் வெட்டினாற்போல வட்டமாகத் தெரிந்தது. ஒரு பக்கம் மூன்று புள்ளி, மறுபக்கம் ஒன்று. நோட்டில் வரைந்து வைத்தாள். இன்று பார்த்தால் இரண்டும் இரண்டுமாக மாறியிருக்கிறது. "அம்மா, சுத்துது!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டு விளக்கே எரிந்துவிட்டது.

இப்போது அவள் கேட்பது ஒன்றுதான். அந்த ஆறு அங்குலக் கண்ணாடியை ஏழாம் வகுப்புப் பிள்ளையால் தேய்க்க முடியுமா?

மாடிவானம்
செவ்வாய், இரவு 9:50

அக்கா, ஒருவேளை கடையில் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். குழாய் அரை மீட்டர்தான் இருக்கும், ஆனால் குவிய தூரம் 1,000 மி.மீ. என்று எழுதியிருக்கும், நியூட்டன் வகை என்றும் சொல்வார்கள். உள்ளே பந்து வளைவுக் கண்ணாடியும், கண்ணருகு லென்ஸ் மாட்டும் இடத்தில் ஒரு மலிவான லென்ஸும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். 130 மி.மீ. மேசை டாப்சோனியன் போதும், கண்ணாடி பரவளையம்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடி தேய்ப்பவன்
செவ்வாய், இரவு 10:30

முடியும் அம்மா. பலம் வேண்டாம், பொறுமை வேண்டும். என் மூன்றாவது கண்ணாடியில் பாதி என் பேத்தி தேய்த்தது, அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

ஆறு அங்குல வட்டு ஜோடி ஒன்று என்னிடம் சும்மாதான் இருக்கிறது. 80ஆம் நம்பர் பொடியிலிருந்து சீரியம் ஆக்சைடு வரை எல்லாம் தருகிறேன். நீங்கள் இடுப்புயரத்துக்கு ஒரு பழைய இரும்பு டிரம் மட்டும் பார்த்து வையுங்கள். அதில் மண்ணைக் கொட்டி நிரப்பிவிடுங்கள், தேய்க்கும்போது அசையக் கூடாது. அதைச் சுற்றி நடந்துகொண்டேதான் தேய்க்க வேண்டும், அதனால் நாலாபுறமும் இடம் இருக்கட்டும். பொடியை மாற்றும்போது பழைய பொடி ஒரு துகள்கூட ஒட்டியிருக்கக் கூடாது, எனவே தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருந்தால் நல்லது. எந்த ஞாயிற்றுக்கிழமை வசதி என்று தனிமடலில் சொல்லுங்கள்.